குளிர்ச்சியின் கணக்கு

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் வெயிலுக்கும் உப்புக்கும் பேர்போனது. சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், பாலாவி என வடக்கு நோக்கிச் செல்பவரின் இடப்புறத்தே கடலோ களப்போ தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும். பாலாவிச் சந்தியிலே பிரியும் வீதி கற்பிட்டிக் குடாநாட்டினூடே செல்கிறது. களப்பையண்டிய உப்பளங்களிலே கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலிடமும் காற்றிடமும் ஒப்படைத்துவிட்டு உப்புக்காகக் காத்திருக்கின்றனர் மக்கள். அந்த வெயிலும் காற்றும் உப்பளத்தோடு நின்றுவிடுவனவல்ல. வீட்டுக் கூரையின் ஆணியையும் மீன்பிடி வள்ளத்தின் இயந்திரத்தையும் வாசலிலே நிறுத்தப்பட்ட மோட்டார்க் காரையும் அவை ஒரே தன்மையாய்த் தொடுகின்றன.

மோட்டார்க் காரின் குளிரூட்டி ஒரு காலத்திலே செல்வத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. இன்று நிலைமை வேறு. வெளிநாட்டுக்குச் செல்பவரைக் கட்டுநாயக்காவுக்கும் நோயாளியைச் சிலாபம் வைத்தியசாலைக்கும் ஏற்றிச் செல்லும் வாடகைக் கார்களை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. பங்குனி, சித்திரை மாதத்து நண்பகலிலே குளிரூட்டி இயங்காத காரை எவரும் ஒருமுறைக்கு மேல் அமர்த்துவதில்லை. ஆகவே அந்தக் காரின் குளிர்ச்சி அதன் சொந்தக்காரனுக்குச் சொகுசன்று, வயிற்றுப்பாடு. இதனை மனத்திற் கொண்டே பின்வரும் நிகழ்ச்சியை நோக்குதல் வேண்டும்.

பாலாவிக்கு அண்மையிலே வாகனக் குளிரூட்டிகளைத் திருத்தும் சிறிய கராஜ் ஒன்று உண்டு. அதனை நடத்துபவர் நாற்பது வயதைக் கடந்தவர். 1990 ஒக்ரோபரிலே வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையை அடைந்த குடும்பங்களுள் அவருடைய குடும்பமும் ஒன்று. அப்போது அவர் சிறுவன். கையில் எடுத்துவர முடிந்தது சிறிதாகையால் எதனையும் அளந்து செலவழிக்கும் பழக்கம் அந்த வீட்டிலே சட்டமாயிற்று. அப்பழக்கம் பிற்காலத்தில் அவருடைய தொழிலிலும் படிந்துவிட்டது. கராஜின் மேசையிலே ஏனைய கருவிகளுக்கு நடுவே ஒரு தராசு இருக்கிறது. வருபவர்கள் பலரும் அதனையே வியப்போடு நோக்குவர். காற்றைப் போன்ற பொருளை நிறுப்பதற்கும் தராசு வேண்டுமோ என்பது அவர்களுடைய ஐயம்.

அந்த ஐயம் தீர வேண்டுமாயின் குளிரூட்டி தொழிற்படும் முறையைச் சிறிது அறிதல் அவசியம். குளிர் என்பது தனியே ஆக்கப்படும் பொருளன்று. ஓரிடத்து வெப்பத்தை அகற்றி வேறோரிடத்திலே கொண்டுபோய்ப் போடுவதையே நாம் குளிரூட்டல் என்கிறோம். திரவம் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. மண்பானையின் தண்ணீர் குளிர்வதும் நனைந்த சட்டையோடு காற்றிலே நிற்பவன் நடுங்குவதும் இதனாலேயே. உப்பளத்துப் பாத்தியிலும் ஒவ்வொரு நாளும் இதுவே நிகழ்கிறது. அங்கே ஆவியான நீர் திரும்பி வருவதில்லை, உப்பு மாத்திரம் எஞ்சுகிறது. காரிலோ ஆவியான பொருளை மீண்டும் பிடித்து, நெருக்கி, திரவமாக்கி, மறுபடியும் ஆவியாக விடுகிறார்கள். நெருக்கும் வேலையைச் செய்வது கொம்பிறசர். காரின் முகப்பிலே காற்றுப்படும்படி பொருத்தப்பட்ட கொண்டன்சர் வெப்பத்தை வெளியே விட்டு வாயுவைத் திரவமாக்குகிறது. ஒடுங்கிய வால்வினூடே பாய்ந்து அமுக்கம் குறைந்த அத்திரவம், இருக்கைகளுக்கு முன்னே மறைந்துள்ள ஆவியாக்கியிலே கொதித்து ஆவியாகிறது. இன்று ஓடும் பெரும்பாலான கார்களிலே பயன்படும் ஆர் 134ஏ என்ற வாயு, சாதாரண வளிமண்டல அமுக்கத்திலே பூச்சியத்துக்குக் கீழே சுமார் 26 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுவது. இவ்வளவுக்கும் அது வெளியேறாத, வேறெதுவும் உள்ளே நுழையாத ஒரு மூடிய வட்டம் வேண்டும். குளிரூட்டியின் உயிர்நிலை அந்த மூடிய தன்மையிலேயே தங்கியுள்ளது.

கரையோரத்திலே அந்த வட்டம் முதலில் உடைவது பெரும்பாலும் கொண்டன்சரிலேதான். அது மெல்லிய அலுமினியத்தாலானது. உப்பிலுள்ள குளோரைட்டு அலுமினியத்தின் மேற்பரப்பிலுள்ள காப்புப் படையைத் துளைத்து, ஊசிமுனையளவான குழிகளைத் தோற்றுவிக்கிறது. அவற்றினூடே வாயு மெல்ல மெல்லக் கசிகிறது. கொம்பிறசருக்கு வேண்டிய எண்ணெயை வட்டம் முழுவதும் சுமந்து சென்று திருப்பிக் கொணர்வதும் அந்த வாயுவே. வாயு குறைந்தால் எண்ணெய் திரும்பி வருவதும் குறையும். எண்ணெயின்றி உராய்ந்து உராய்ந்து ஒருநாள் கொம்பிறசர் இறுகிவிடும். சாரதி அறிவது அந்த இறுதி நாளை மட்டுமே. கொம்பிறசர் பழுதாயிற்று என்று கூறிப் புதியதொன்றை வாங்கிப் பூட்டுவிக்கிறான். மாண்டதை அகற்றியாயிற்று, கொன்றதோ உள்ளேயே இருக்கிறது.

உடப்பிலிருந்து ஒரு பிற்பகல் அந்தக் கராஜுக்கு வந்த இளைஞரின் காருக்கு நேர்ந்ததும் இதுவே. நான்கு மாதங்களுக்கு முன்னர் வேறோரிடத்திலே கொம்பிறசர் மாற்றப்பட்டிருந்தது. அதற்காக மனைவியின் நகை அடைவுக்குப் போயிருந்தது. இப்போது அந்தக் கொம்பிறசரும் இறுகிவிட்டது. கடன்பட்டு இன்னொன்றை வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தார். மறுநாள் அதிகாலையிலே விமான நிலையத்துக்கு ஒரு பயணம் ஒழுங்காகியிருந்தது.

“நானா, இதைப் பூட்டி காஸை அடிச்சு விடுங்க. விடிய மூணு மணிக்கு நான் வெளிக்கிடணும்” என்றார்.

“பூட்டுறது ஒரு மணித்தியால வேலை தம்பி. மத்த வேலைதான் வேலை” என்றார் திருத்துநர்.

பழைய கொம்பிறசரைக் கழற்றிச் சாய்த்தபோது வடிந்த எண்ணெய் கறுத்திருந்தது. விரலிலே தேய்த்துப் பார்த்தால் உலோகத் துகள் மின்னியது. அத்துகள்கள் குழாய்கள் எங்கும் பரவியிருக்கும். கழுவாமல் விட்டால் புதிய கொம்பிறசரையும் அவை அரைத்துவிடும். நுண்ணிய துளைகளாலான கொண்டன்சரை நன்கு கழுவுதல் அரிது. அதனை மாற்றவே வேண்டும். ஈரத்தை உறிஞ்சுவதற்கென வைக்கப்படும் உலர்த்தியும் முன்னர் மாற்றப்படவில்லை என்பது அதன் தோற்றத்திலேயே தெரிந்தது. வட்டத்தை ஒருமுறை திறந்தால் உலர்த்தி கரையோரத்து ஈரக்காற்றைக் குடித்து நிறைந்துவிடும். பின்னர் அது எதனையும் உலர்த்தாது.

ஆகச் செலவும் கூடியது, நேரமும் கூடியது. இந்த இடத்திலே இருவருக்கும் இலகுவான வழியொன்று திறந்திருந்தது. கொம்பிறசரை மாத்திரம் பூட்டி, குளிர்காற்று வரும்வரை காஸை ஏற்றியிருந்தால், அன்று மாலையே கார் உடப்புக்குத் திரும்பியிருக்கும். இளைஞர் நன்றி கூறியிருப்பார். விடியற்காலைப் பயணமும் தடைப்பட்டிராது. மூன்று நான்கு மாதங்களின் பின் அதே கார் அதே வாசலுக்கு வந்திருக்கும், திருத்துநருக்கு இரண்டாம் முறையும் வருமானம் கிடைத்திருக்கும். நேர்மையற்ற வேலை இங்கே உடனடியாக எவருக்கும் துன்பந் தருவதில்லை. அதுவே அதன் வலிமை.

இளைஞர் வெளியே சென்று, கையடக்கத் தொலைபேசியிலே இன்னொரு சாரதியை அழைத்தார். மறுநாட் பயணத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அந்த ஓர் அழைப்பின் விலை ஒரு நாட் சம்பாத்தியம். திருத்துநர் அதனைக் கவனித்தார். ஆறுதலாக ஒன்றும் கூறவில்லை. வேலையைத் தொடங்கினார்.

குழாய்களைக் கழுவி, ஈரமற்ற நைதரசன் வாயுவைச் செலுத்தி ஊதினார். கொண்டன்சரும் உலர்த்தியும் மூட்டுகளின் றப்பர் வளையங்களும் புதிதாயின. எண்ணெயை அளந்து ஊற்றினார். இந்த எண்ணெயும் ஈரத்தை விரைந்து உறிஞ்சுவது. போத்தலின் மூடியை ஒரு கணமும் வீணே திறந்துவைக்கக் கூடாது. மின்னாற் சுழலும் கொம்பிறசரையுடைய ஹைபிறிட் கார்களுக்கு வேறு வகை எண்ணெய் வேண்டும். மாற்றி ஊற்றினால் மின்காவல் கெட்டுவிடும். ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றினாலும் ஒன்று மற்றொன்றாகிவிடாது என்பதை இத்தொழில் அடிக்கடி நினைவூட்டுகிறது.

இதன் பின்னரே வேலையின் மிக முக்கியமான கட்டம் வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வேலையாகவே தோன்றாது. வெற்றிடப் பம்பியின் குழாயை இணைத்து, அதனை இயக்கிவிட்டு, திருத்துநர் ஒரு வாங்கிலே அமர்ந்துகொண்டார். பம்பி ஒரே சுருதியிலே இரைந்துகொண்டிருந்தது. அரைமணி நேரம் கடந்தது.

“என்ன நானா, ஒண்டும் நடக்கக் காணமே?”

“உள்ளுக்குத் தண்ணி கொதிக்குது தம்பி.”

இளைஞர் சிரித்தார். ஆனால் கூறப்பட்டது வேடிக்கையன்று, முழு உண்மை. நீர் 100 பாகையிலே கொதிப்பது சாதாரண வளிமண்டல அமுக்கத்தின் கீழேதான். அமுக்கத்தை ஏறக்குறைய இருபத்துநான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் 30 பாகையிலேயே அது கொதித்து ஆவியாகும். குழாய்களுக்குள்ளே படிந்திருக்கும் ஈரத்தை நெருப்பின்றிக் கொதிக்கவைத்து வெளியேற்றுவதே பம்பியின் பணி. அந்த ஈரம் எஞ்சிவிட்டால், ஒடுங்கிய வால்வின் வாயிலே பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கும். நாளடைவில் வாயுவோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும். எஞ்சிய காற்றோ திரவமாகாமல் கொண்டன்சரிலே தங்கி அமுக்கத்தை உயர்த்திக்கொண்டிருக்கும். எனவே குளிரை உள்ளே விடுவதற்கு முன் உள்ளேயிருப்பதை முற்றாக வெறுமையாக்குதல் வேண்டும்.

முக்கால் மணி நேரத்தின் பின் வால்வுகளை மூடிப் பம்பியை நிறுத்தினார். இனி அமுக்கமானியின் முள் அசையாது நிற்கவேண்டும். இருபது நிமிடங்களின் பின் நோக்கியபோது அது சற்றே நகர்ந்திருந்தது. மயிரிழையளவான நகர்வு. இருள் சூழ்ந்துகொண்டிருந்தது. கையிலே பணத்தோடு நின்றவருக்கு அது தெரிந்திராது, தெரிந்திருந்தாலும் அதன் பொருள் விளங்கியிராது. திருத்துநர் மின்விளக்கை எடுத்துக்கொண்டு காரின் கீழே மீண்டும் குனிந்தார். நைதரசனை அமுக்கத்தோடு ஏற்றி, ஒவ்வொரு மூட்டாகச் சவர்க்கார நுரையைத் தடவினார். ஒரு மூட்டிலே நுரை பொங்கியது. முறுக்கும்போது றப்பர் வளையம் நெரிந்திருந்தது. புதிய வளையம் இடப்பட்டது. பம்பி மறுபடியும் முதலிலிருந்து இரையத் தொடங்கியது. இரண்டாம் முறை முள் அசையவில்லை.

வாயுவை ஏற்றும் கட்டத்திலேதான் தராசின் தேவை விளங்கியது. அமுக்கமானியைப் பார்த்து அளவைத் தீர்மானிக்கலாமென்று பலர் எண்ணுகின்றனர். மூடிய கலத்தினுள்ளே வாயுவோடு ஒரு துளி திரவமும் இருக்குமாயின், கலம் ஓய்ந்திருக்கையில் அதன் அமுக்கம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. அளவு பாதியாயிருந்தாலும் நிறைந்திருந்தாலும் முள் ஒரே இடத்தையே காட்டும். கார் இயங்கும்போதும் வெயிலின் கடுமை, காற்றோட்டம், இயந்திரத்தின் வேகம் என்பன முள்ளை அலைக்கழிக்கும். குறைவாக ஏற்றினால் எண்ணெய் திரும்பாது கொம்பிறசர் வரளும். மிகையாக ஏற்றினால் அமுக்கம் மிஞ்சிக் குளிர் குறையும், கொம்பிறசரும் வருந்தும். குளிர் போதாதென்று மேலும் மேலும் காஸ் அடிப்பவர் நோயை மருந்தென்று கொடுப்பவராவார். ஆகவே நிறுத்தே ஏற்றவேண்டும். அந்தக் காரின் பொனற்றின் கீழே தயாரிப்பாளர் ஒட்டிய சீட்டு 500 கிராம் என்றது. கலத்தைத் தராசிலே நிமிர்த்திவைத்து, இயந்திரத்தை இயக்கி, தாழ்ந்த அமுக்கப் பக்கத்தினூடே வாயுவாகவே மெல்ல மெல்ல விட்டார். கவிழ்த்துவைத்தால் திரவம் புகும். திரவத்தை நெருக்க முடியாதாகையால் புதிய கொம்பிறசர் அந்த நிமிடமே உடையக்கூடும். கலத்தின் புறத்தே பனி பூத்தது. தராசின் எண் குறைந்து குறைந்து, 500 கிராம் போனதும் அவருடைய கை வால்வை மூடியது. காரினுள்ளே காற்றுவாயிலில் வைத்த வெப்பமானி சிறிது நேரத்தில் 8 பாகைக்கு இறங்கியது.

இவ்வளவும் காரின் உள்ளே நிகழ்ந்தவை. வெளியே நிகழாமற் போன ஒன்றையும் இங்கு கூறுதல் வேண்டும். வேலையைத் தொடங்குமுன்னர், பழைய வட்டத்திலே எஞ்சியிருந்த வாயுவைத் திருத்துநர் ஒரு மீட்பு இயந்திரத்தின் மூலம் உறிஞ்சிக் கலமொன்றிலே சேர்த்துக்கொண்டார். அதன் நிறை 150 கிராம். இதற்காக எவரும் அவருக்குப் பணம் தருவதில்லை. மூட்டைச் சற்றுத் தளர்த்தினால் ஒரு சீறலோடு எல்லாம் போய்விட்டிருக்கும்.

எங்கே போய்விட்டிருக்கும் என்ற வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கப் பொறியியலாளர் தோமஸ் மிட்ஜ்லி 1928 இல் குளோரோபுளோரோகாபன் வாயுக்களைக் குளிரூட்டலுக்குத் தெரிந்தெடுத்தார். அவை நஞ்சற்றவை, தீப்பற்றாதவை என்று காட்டுவதற்காக, 1930 இல் அறிஞர் அவையொன்றிலே அவ்வாயுவைத் தாமே உள்ளிழுத்து, வெளிவிட்டு, மெழுகுதிரியொன்றை அணைத்தும் காட்டினார். அவர் காட்டியது பொய்யன்று. நிலத்திலே தீங்கற்ற அவ்வாயு வானிலே செய்வதைத்தான் எவரும் சிந்திக்கவில்லை. 1974 இல் மொலினா, ரோலண்ட் என்னும் இருவர் அது ஓசோன் படையை அழிக்குமென்று காட்டினர். 1985 இல் அந்தாட்டிக்காவின் மேலே அப்படை மெலிந்திருந்தமை வெளியாயிற்று. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாகியது. இலங்கை 1989 இல் அதிற் சேர்ந்தது. பழைய ஆர் 12 வாயு வழக்கொழிந்து, அதனிடத்தை ஆர் 134ஏ பிடித்தது.

இந்தப் புதிய வாயு ஓசோனை அழிப்பதில்லை. ஆயின் பூமியைச் சூடாக்குவதிலே, நூறாண்டுக் கணக்கில், சமநிறையுள்ள காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 1300 மடங்கு வலியது. அந்த உடப்புக் காரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஏற்றவேண்டியது 500 கிராம், எஞ்சியிருந்தது 150 கிராம். முன்னைய திருத்தத்திலே சரியான அளவு ஏற்றப்பட்டிருந்தால் நான்கு மாதங்களிலே கசிந்துபோனது 350 கிராம். அது சுமார் 455 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஏறத்தாழ 200 லீற்றர் பெற்றோல் எரிந்தால் வெளிவரும் அளவு இது. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் கார் அந்தப் பெற்றோலிலே புத்தளத்திலிருந்து கொழும்புக்கு ஏழெட்டுத் தடவை போய்வந்துவிடும். 2016 இல் கிகாலியில் இணங்கப்பட்ட திருத்தம் இவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்கக் கோருகிறது. இலங்கை 2018 இல் அதனை ஏற்றுறுதி செய்தது. கடல்மட்டத்துக்குச் சிறிதே உயர்ந்து கிடக்கும் கற்பிட்டி மணலிலே வாழ்பவருக்கு இஃது எங்கோ நடக்கும் மகாநாட்டுச் செய்தியன்று.

ஒரு மறுப்பு எழலாம். அதே குடாநாட்டின் நுரைச்சோலையிலே, 2011 இல் இயங்கத் தொடங்கி 2014 இல் 900 மெகாவாற்றாக நிறைவுற்ற நிலக்கரி மின்நிலையம் நிற்கிறது. அதன் புகைபோக்கிக்கு முன்னே 150 கிராம் வாயு எம்மாத்திரம்? வினா நியாயமானது. மின்நிலையத்தின் கணக்கைக் கேட்கவேண்டியவர்கள் கேட்கவே வேண்டும். எனினும் அதன் கணக்குப் பெரிதென்பதால் இந்தக் கணக்கு இல்லையென்றாகிவிடாது. பெரியவற்றைக் காட்டிச் சிறியவற்றைக் கைவிடும் சமூகம், பெரியவற்றையும் ஒருநாள் நேர்மையோடு கேட்க இயலாததாகிவிடும். மேலும், மின்நிலையத்தைப் பலர் கண்காணிக்கின்றனர். அந்தக் கராஜிலே இருட்டும் வேளையில் மயிரிழையளவு நகர்ந்த முள்ளைக் கண்டவர் ஒருவரே.

தொழிலின் அறம் தங்கியிருப்பது அவ்வாறான இடங்களிலேதான். பணம் கொடுப்பவர் குளிர்காற்றை உணர்வார். வெறுமையாக்கிய நேரத்தை அவர் உணர்வதில்லை. விதை நேர்த்தி செய்பவர், அத்திவாரம் இடுபவர், ஏட்டுப்பிரதிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், மறுநாட் பாடத்துக்காக இரவிலே படிக்கும் ஆசிரியர் ஆகிய யாவரும் இவ்வினத்தவரே. அவர்களுடைய உழைப்பின் பெரும்பகுதி பயனாக வெளிப்படுமேயன்றி உழைப்பாக வெளிப்படாது. காணப்படுவதற்கு மட்டுமே கூலி கொடுக்கும் உலகத்திலே, காணப்படாததைச் செய்பவனுக்குச் சான்று அவனுடைய அளவுகோல் ஒன்றே.

உடப்புக் கார் வீதிக்கு ஏறுமுன்னர் திருத்துநர் சிறிய கடதாசித் துண்டிலே திகதியையும் வாயுவின் பெயரையும் நிறையையும் எண்ணெயின் வகையையும் எழுதி, பொனற்றின் உட்புறத்திலே தயாரிப்பாளரின் சீட்டுக்கு அருகே ஒட்டினார். தம்முடைய பெயரையோ தொலைபேசி இலக்கத்தையோ அதில் எழுதவில்லை. என்றோ ஒருநாள், எந்த ஊரிலோ, அந்தப் பொனற்றைத் திறக்கப்போகும் முன்பின் அறியாத இன்னொரு திருத்துநருக்காக எழுதப்பட்டது அது.